விளிம்பு வரை ஊற்றிய கிண்ணம்

அத்தையை மீம் ஆக்கியது நான்தான். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கணவருக்கு மாஸ்கோவில் வேலை. கிர்கிஸ்தானில், பிஷ்கெக் நகர வீட்டில் நானும் மாமியார் சாய்கலும் மட்டும்தான். பகல் முழுக்கக் கிண்ணம் கழுவுகிறவளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

அன்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றி, அத்தையின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். எங்கள் பக்கம் பாதிக் கிண்ணம்தான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முறைப்பைக் கிண்ணத்தோடு சட்டென்று படம் பிடித்து, விருந்தாளியை அவர் கேட்பதுபோல் "நாலு மணி நேரமா உக்காந்திருக்கீங்களே, வீட்ல தேட மாட்டாங்களா?" என்று எழுதி, பெயர் போடாமல் இணையத்தில் விட்டேன்.

மூன்றே நாளில் ஊரே அதை அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காம் நாள் அத்தையின் தங்கை குந்தூஸ் சித்தி அதை அத்தைக்கே அனுப்பிவைத்தாள்.

"பெர்மெத், இங்க வாடி."

பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இதை எந்தக் கழுதை போட்டது?"

"தெரியல அத்தை. யாராவது விருந்தாளியா இருக்கும்."

"நம்ம அடுப்படிக்குள்ள வந்த விருந்தாளியா?"

அடுப்பைத் துடைக்கத் திரும்பினேன்.

"மூஞ்சி பரவால்ல, நல்லாத்தான் இருக்கு. கிண்ணத்தைப் பாருடி! தளும்பத் தளும்ப நிக்குது. சாய்கல் வந்தவங்களைத் துரத்துறாள்னு ஊர் பேசாதா? குந்தூஸ் ஞாயித்துக்கிழமை வரலையாம். பயமா இருக்காம்!"

நீலத் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாதிக் கிண்ணம் ஊற்றச் சொல்லி, அதே முறைப்பை மறுபடி முறைத்தார். நான் பதினோரு முறை படம் எடுத்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

"போட்ட கழுதைகிட்ட இதை மாத்தச் சொல்லு."

பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது அத்தை தேநீர்க் கெண்டியைத் தன் கையில் எடுத்தார். மருமகளுக்கு மாமியார் ஊற்றுவது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. பாதி வந்தது. நிற்கவில்லை. முக்கால் தாண்டி விளிம்பைத் தொட்டது. எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

"அத்தை, மன்னிச்சிடுங்க, நான்தான்..."

கிளிக்.

அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அழுமூஞ்சி வந்தது. கீழே அத்தையே எழுதியிருந்தார்: "எந்தக் கழுதைன்னு கேட்டேன். தானா வந்துருச்சு."

வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை என்று நிம்மதிதான். ஆனால் என்னுடையதைவிட அவர் போட்டதுதான் வேகமாகப் பரவியது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.