அழுமூஞ்சி, ஒன்று, சத்தம் மட்டும்

அவளுடைய பெயரைச் சொன்னால் பறவை பார்க்கும் குழுவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. பாம்புக்காது என்றால் உடனே தெரியும். எங்கோ தள்ளி ஒரு புதருக்குள் கதிர்க்குருவி தொண்டையைச் செருமினால் போதும், இன்ன குருவி, இந்தப் பக்கம் என்று கையை நீட்டிவிடுவாள். பிழைப்பும் காதோடுதான். ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறையில் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இவள் எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோதே சிலர் தூக்கிவிடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் காதுக்கு இல்லாததும் கேட்கும்.

இது தெரிந்தவள்தான் போன வருஷம் கோட்டை விட்டாள். அல்லது விடவில்லை. எது உண்மை என்று தெரியாமல்தான் ஒரு வருஷமாக அவளுக்குத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது.

வசந்தத்தில் வலசைப் பறவைகள் ஊரைக் கடந்து போகும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பார்த்ததையும் கேட்டதையும் பட்டியல் எழுதுவது அவர்கள் வழக்கம். போன வருஷம் அப்படி ஒரு நாளில்தான் டிரைவர் செத்துப்போனார். பஸ் ஓட்டுகிற மனுஷன். குழுவின் வேனுக்கும் அவரே டிரைவர். போட்டோ எடுக்கிறேன் என்று நாணல் காட்டுக்குப் பின்னால் தனியாகப் போனவர், சேற்றில் கால் மாட்டி வாய்க்காலில் விழுந்துவிட்டார். பதினொரு மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள். கேமராவில் கடைசிப் படம் ஒன்பது மணி நாலு நிமிஷத்துக்கு எடுத்தது. பட்டியலில் பாம்புக்காதின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: அழுமூஞ்சி, ஒன்று, சத்தம் மட்டும், 9.10.

அழுமூஞ்சி என்பது நாணலுக்குள்ளேயே ஒளிந்து திரியும் ஒரு சின்னக் கானாங்கோழி. புத்தகத்தில் அதற்கு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. குழந்தை வலியில் வீறிடுவதுபோல் கத்தும் என்பதால் குழுவில் இந்தப் பெயர். அந்தச் சதுப்பில் அதற்கு முன்பு யாரும் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு, "ஏதோ கத்தின மாதிரி இருக்கே?" என்று கேட்டவர் கணக்கு வாத்தியார். "அழுமூஞ்சி சார்!" என்று இவள் துளிகூட யோசிக்காமல் சொன்னாள். அவர் கைதட்டினார். இவள் பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு.

அன்று மாலை டிரைவரின் மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கூப்பிட்டாரா? உனக்குத்தான் எல்லாம் கேக்குமே, யாரையாவது கூப்பிட்டாரா?" இவள் சொன்னாள், "ஒரு சத்தமும் கேக்கலக்கா." அப்போது அதை நம்பித்தான் சொன்னாள். மறுவாரம் கேமராவின் நேரம் தெரிந்த பிறகு நம்ப முடியவில்லை.

ஆகவே இந்த வருஷம் அவள் வந்தது ஒரு வேண்டுதலோடு. அந்தப் பறவை அந்த இடத்தில் ஒரே ஒரு தரம் கத்திவிட வேண்டும். கத்திவிட்டால் போன வருஷமும் கத்தியது அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

விடிகாலையில் வேன் கதவைத் திறந்தால், பின் சீட்டில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புருஷனுடைய பைனாகுலர். வார் நீளமாகத் தொங்கி மடியில் கிடந்தது. கையில் போன வருஷப் பட்டியலின் ஜெராக்ஸ், மடித்து மடித்து நைந்துபோனது.

"சாரைக் கேட்டு வாங்கினேன்" என்றாள். "கடைசி நாள் அவர் சுத்தின இடத்துல என்னென்ன இருந்துச்சோ அதையெல்லாம் நானும் ஒரு தடவ பாத்துடறேன். அப்புறம் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"எழுபத்தி மூணு இருக்குக்கா. எல்லாம் கிடைக்காது."

"கிடைச்ச வரைக்கும்."

குழுவில் வேறு யாரும் இந்த வருஷம் வரவில்லை. கணக்கு வாத்தியார் வண்டியை எடுத்தார். பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்துவதுபோலவே வண்டியும் ஓட்டுவார். அடிக்கு ஒரு குலுக்கல். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. உட்காரலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் ஏரிக்கரைத் தோப்பு. இரவெல்லாம் பறந்து வந்த களைப்பில் குருவிகள் தாழ்ந்த கிளைகளில் இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டிரைவரின் மனைவி தையல்காரி. ஊசி கோக்கிற கண். அரை மணி நேரத்தில் வாத்தியாரை விட நன்றாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இத்துனூண்டு இருந்துக்கிட்டு இது கடலைத் தாண்டி வருதா? எங்க வீட்டுக்காரர் தெருமுனைக் கடைக்குப் போறதுக்கே வண்டிய எடுப்பார்" என்றாள். மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு ஏன் சிரித்தோம் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியதுபோல் நிறுத்திக்கொண்டார்கள்.

தலைக்கு மேலே ஒரு கதிர்க்குருவி மெல்லிசாகக் குரலை இழுத்தது. வாத்தியார் பேனாவோடு பாம்புக்காதின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு உச்சத்தில் கீச்சிடும் சன்னமான சத்தமெல்லாம் கேட்டு வருஷக் கணக்காகிறது. மனுஷக் குரல் கேட்கும், வண்டி ஹாரன் கேட்கும். குருவிகளை அவர் இவள் வாய்ச்சொல்லை நம்பித்தான் எழுதுகிறார்.

தோப்பிலிருந்து கழிமுகத்துக்கு ஒற்றையடிப் பாதை. காய்ந்த சருகு. பாம்புக்காது முன்னால் நடந்தாள். பின்னால் வாத்தியாரின் தேய்ந்த செருப்பு, அக்காவின் புதுச் செருப்பு, அதற்கும் பின்னால் கனமான ரப்பர் பூட்ஸ் சத்தம். போகிற வழியில் எதையோ பார்த்து நின்று, பிறகு வேகமாக வந்து சேர்ந்துகொள்ளும் நடை. டிரைவருக்குத்தான் அப்படி ஒரு நடை உண்டு. அவள் சட்டென்று திரும்பினாள். இரண்டு பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன, ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

எதிர்பார்க்கிற காது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னாளே தவிர, முதுகைக் காட்டி நடக்க முடியவில்லை. அதன்பிறகு அவள் கடைசி ஆளாகவே நடந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மதியம் கழிமுகத்துச் சேற்றில் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் கொத்திக்கொண்டிருந்தன. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்கா ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். ஆலா, பவளக்காலி, பூனைப்பருந்து. மூன்று மணிக்கு அறுபத்தொன்று ஆகியிருந்தது. திடீரென்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மத்ததெல்லாம் போகட்டும். இந்த ஒம்பது பத்து பறவை, உன் கையெழுத்துல இருக்கே, அதை எனக்குக் கேக்க வெச்சுடு. அது போதும்."

"காலையை விட்டா சாயங்காலம்தான் கத்தும்மா. கத்தினா உண்டு" என்றார் வாத்தியார். பாம்புக்காது பொட்டலத்தை மடித்து வைத்தாள். இருவரும் ஒரே பறவைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நாணல் காட்டுக்குள் பலகை போட்ட நடைபாதை. போன வருஷம் இல்லாத கைப்பிடிக் கம்பி இந்த வருஷம் போட்டிருந்தார்கள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாய்க்கால் தெரிகிற திருப்பத்தில் மூவரும் நின்றார்கள். வெயில் சாய்ந்தது. காற்று விழுந்துவிட்டது. நாணல் அசையவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா" என்றாள் அக்கா, தண்ணீரைப் பார்த்தபடி. "ஒரு சத்தமும் கேக்கலன்னு அன்னிக்கு நீ சொன்னே பாரு, அதை வெச்சுத்தான் இந்த ஒரு வருஷத்த ஓட்டினேன். நொடியில போயிருக்கார், பயப்படக்கூட நேரம் இருந்திருக்காதுன்னு."

பாம்புக்காது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்து, கத்தித் தொலை என்று மனசுக்குள் நாணலைக் கெஞ்சினாள்.

கத்தியது.

இருபதடி தூரம் இருக்காது. ஊசி முனைபோல் மெல்லிசாக, உச்சத்தில் கிளம்பி, வழுக்கிக்கொண்டே கீழே இறங்கியது அந்த வீறல். எதிர்பார்த்த காது இல்லை, நிஜம். அக்காவும் துள்ளினாள்.

"இதானே? இதானே அது?"

"இதான்க்கா. அழுமூஞ்சி."

அவள் கம்பியை விட்டுவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பறவை இருக்கிறது. இங்கேயே இருக்கிறது. தான் யாரையும் சாகவிடவில்லை.

"எங்கே? என்ன?" என்றார் வாத்தியார். பேனாவும் கையுமாக, தலையைச் சாய்த்துக்கொண்டு.

மறுபடியும் கத்தியது, இன்னும் கிட்டத்தில்.

"இப்ப கத்துதா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. போன வருஷம் நல்லா கேட்டுச்சே, உன்னை விட முதல்ல நான்தானே கேட்டேன். ஒரே வருஷத்துல என் காது இவ்வளவு மோசமாயிடுச்சா?"

ஆகவில்லை. போன மாதம்தான் அவருக்குச் சோதனை செய்தாள். சோதனை வரைபடத்தில் இரண்டு வருஷமாக ஒரே கோடு. சன்னமான சத்தங்கள் இருக்கிற பக்கம் மட்டும் பள்ளத்தில் இறங்கும் கோடு. இந்தப் பறவை தோளில் உட்கார்ந்து கத்தினாலும் அவருக்குக் கேட்காது. போன வருஷமும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்கிற குரல் வேறு. அதுவே தொழிலாக இருக்கிறவளுக்கு இது ஒரு வருஷமாக உறைக்கவில்லை. உறைக்க விடவில்லை என்பதே சரி.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகம் இளகியிருந்தது.

"ஒம்பது நாலுக்குப் படம் எடுத்திருக்கார். ஒம்பது பத்துக்கு இது கத்தியிருக்கு. அப்போ அவர் காதுல கடைசியா விழுந்தது இதுதான். ஒரு ஜீவன் பக்கத்துலயே இருந்திருக்கு, தனியா போகல. நான் இனிமே வருஷா வருஷம் வருவேன். வந்து இதைக் கேட்டுட்டுப் போவேன். நீதான் என்னைக் கூட்டிக்கிட்டு வரணும், சரியா?"

சரிக்கா என்று ஒரு வார்த்தை போதும். வாத்தியார் எழுதிக்கொள்வார், வேனில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த வசந்தத்திலும், அதற்கடுத்த வசந்தத்திலும், இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்று அந்தப் பறவைக்காகக் காத்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். முடியாது.

"அக்கா, போன வருஷம் நான் கேட்டது இது இல்ல."

"அப்போ வேற பறவையா?"

"பறவையே இல்லக்கா."

வாத்தியார் எழுதுவதை நிறுத்தினார். போன வருஷம் தான் கேட்டது என்ன என்பது அப்போதுதான் புரிந்தவர்போலக் கம்பியில் சாய்ந்துகொண்டார். அக்கா பிடித்த கையை விடவில்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பறவை தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ கூப்பிட்டார்?"

"மூணு தடவக்கா. மூணாவது தடவ கூப்பிட்டப்போ நான் பட்டியல்ல எழுதிக்கிட்டு இருந்தேன்."