மூட்டைக் கணக்கு

லோஜினியின் பொறுமை எப்போதோ போய்விட்டது. உயர்தரப் பரீட்சைக்கு நான்கே நாள். பௌதிகவியலில் இரண்டு முறை கோட்டை விட்ட அவளுடைய சிநேகிதி சுலக்ஷனாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து, அம்மா பேச்சியம்மாவோடு தினமும் மலை ஏற வேண்டியதுதான். இப்போதே சனி, ஞாயிறுகளில் கொழுந்தெடுக்கப் போகிறவள் அவள்.

"மறுபடி கேளு. இருபது கிலோ கொழுந்து மூட்டை. கம்பியில அம்பது மீற்றர் உயரத்துக்கு நாப்பது செக்கன்ல ஏத்துறாங்க. வலு எவ்வளவு?"

சுலக்ஷனா பேனாவை ஓட்டினாள். "இருநூத்தி இருவத்தஞ்சு வாற்று."

"இருநூத்தி அம்பதுடி! என் உசுர வாங்குறதுக்குன்னே பொறந்தியா?"

கணக்கில் கார் ஓடினால் சரியாகச் செய்வாள். பந்தை எறிந்தாலும் சரியாகச் செய்வாள். மூட்டை வந்தால் மட்டும் கவிழ்ந்துவிடுவாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பௌதிகவியல் ஆசிரியர் மயூரதனும் விடைத்தாளைத் திருப்பித் தரும்போதெல்லாம், "உமக்குக் கவனம் காணாது, பிள்ளை" என்று சொல்லிச் சலித்துவிட்டார்.

லோஜினி மூட்டையை அடித்துவிட்டு 'இரும்புப் பெட்டி' என்று எழுதினாள். எண்கள் எல்லாம் அதேதான். சுலக்ஷனா கண்ணை மூடித் திறப்பதற்குள் இருநூற்று ஐம்பது என்றாள். லோஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் கணக்கை ஒவ்வொரு வரியாகத் துருவினாள். உயரம் சரி, நேரம் சரி. திணிவு இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு இருந்தது.

"இந்தப் பதினெட்டு எங்கருந்துடி குதிச்சிச்சு?"

"ரெண்டு கழிச்சேன்."

"எதுக்கு?"

"சாக்குக்கும் ஈரத்துக்கும்." இதைக்கூடவா கேட்பாள் என்பதுபோல் சுலக்ஷனா பார்த்தாள். "மடுவத்துல தராசு இருவது காட்டுனா கணக்கப்பிள்ளை பதினெட்டுத்தானே போடுவாரு? வெயில் நாள்லயும் அப்படித்தான்."

லோஜினி தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைக்காரர் மகளான அவள் ஒருநாளும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றதில்லை. இரண்டு வருடமாகத் தோழியை மக்கு, மரமண்டை என்றெல்லாம் திட்டியது நினைவுக்கு வர, எரிச்சல் தன் மேலேயே திரும்பியது.

"பௌதிகவியல்ல யாரும் கழிக்க மாட்டாங்க. சாக்கும் ஈரமும் சேர்ந்துதான் பாரம். இருவதுன்னா இருவது. வெளங்குதா?"

"அப்ப அந்த ரெண்டு கிலோவையும் தூக்குறதுக்கு வேலை செஞ்சதாத்தான் கணக்கா?"

"ஆமா தாயே! அதத்தானே இவ்வளவு நேரமா கத்துறேன்!"

சுலக்ஷனா பதினெட்டை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள். அதன்பின் கொடுத்த ஆறு மூட்டைக் கணக்குகளையும் மளமளவென்று சரியாகப் போட்டாள்.

பரீட்சையிலும் ஒரு மூட்டை வந்தது, சாய்தளத்தில் சறுக்கிக்கொண்டு. வாசலுக்கு வந்ததும் லோஜினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கழிச்சியா? உண்மையச் சொல்லு, கழிச்சியா?"

"இல்ல. முழுசாப் போட்டேன்."

லோஜினிக்கு அப்பாடா என்றிருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினாள். சுலக்ஷனா சிரிக்கவில்லை.

"அம்மா இந்நேரம் மடுவத்துல நிப்பாங்க" என்றாள். "அவங்களுக்கு யாருடி முழுசாப் போடுறது?"