தவமலருக்கு வராத அழைப்புகள்

அன்று இறுதிக் கிரியை மண்டபத்துக்குள் நின்றவர்கள் இவர்கள்: தவமலரின் கணவனாகிய நான், பாலேந்திரா. எங்கள் ஒரே மகள் சாரங்கி. அவளுடைய கணவர் கஜதீபன். என் தம்பி குலேந்திரன். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளிக் கடமையை ஏற்றுக்கொண்ட தம்பியின் மகன் பிரதீபன். கிரியை செய்த ஐயர். சவப்பெட்டியைக் கொண்டுவந்த டெனிஷ் பெண்மணி. பத்துப் பேர் வரை நிற்கலாம் என்றார்கள். மிச்ச இடங்களுக்கு நான் ஒருவரையும் அழைக்கவில்லை.

பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை. வாய்க்கரிசியை மூடியின் மேல்தான் போட்டோம். வழவழப்பான வெள்ளை மூடி. அரிசி அதில் நிற்காமல் தரையில் சிந்தியது. அந்தப் பெண்மணி குனிந்து பொறுக்கப் போனார். ஐயர் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

இது நடந்தது 2020 ஏப்ரலில், டென்மார்க்கின் இக்காஸ்டில். எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்து அப்போது முப்பத்து நான்கு வருடம். நான் துணி ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன், தமிழ்ப் பள்ளிக்குப் பதினெட்டு வருடம் தலைவராக இருந்தவன். எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் எவரும் ஒரு சொல் குறைவாகக் கதைத்ததில்லை. கதைக்க நான் இடம் வைத்ததுமில்லை.

நாட்டைப் பூட்டப் போவதாக அரசு அறிவித்த மார்ச் பதினோராம் திகதி மாலை, வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தவமலர் கலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் பெயர்களை எழுதினாள். தனியாக இருக்கும் பெண்கள் பதினொரு பேர். கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் வேறு நாடுகளில் இருப்பவர்கள். இக்காஸ்டில் ஆறு பேர், எஸ்பியர்க்கில் நான்கு பேர், கிரின்ஸ்டெட்டில் மரியம்மா.

அடுத்த நாளிலிருந்து பின்னேரம் நான்கு மணிக்குத் தேநீர்க் கோப்பையுடன் சமையலறை மேசையில் இருந்து ஒவ்வொருவராக அழைப்பாள். அவள் ஒரு சட்டமும் வைத்திருந்தாள். நல்ல செய்தி ஒன்றாவது சொல்லாமல் ஒருவரும் தொலைபேசியை வைக்கக் கூடாது. ஒருவர் யன்னலோரத்துக் கறிவேப்பிலைக் கன்று துளிர் விட்டதைச் சொன்னார். இன்னொருவர், பத்து வருடமாகக் கதைக்காத தங்கை கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்ததைச் சொன்னார்.

மரியம்மா மட்டக்களப்புக்காரி, தேவாலயம் போகும் வேதக்காரி, வாய் கொஞ்சம் நீளம். தவமலருக்கு அவரோடு கதைப்பதென்றால் தனி உற்சாகம். அவருடைய முறை வந்தால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள்.

“ரெண்டு நாளாக் குத்தின பல்லு இண்டைக்குக் குத்தல்ல. இதையும் நல்ல செய்தியில சேத்துக்கங்க,” என்றார் மரியம்மா ஒரு நாள்.

“சேர்த்தாச்சு. நாளைக்கு வேறை பல்லைக் கொண்டு வரக் கூடாது.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் செய்தி கேட்க முடியாமல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்தச் சிரிப்புக்குள் ஏற்கெனவே இருமல் இருந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் ஏறி, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாள். நண்பகலில் அம்புலன்ஸ் வந்தது. முகமும் உடம்பும் மூடிய இருவர் அவளை ஏற்றினார்கள். நான் கூடப் போக முடியாது என்றார்கள். எங்கள் தெருவில் வேறு தமிழ் வீடு இல்லை. அந்த நேரத்திலும் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காரணத்தை எழுதுகிறேன். மார்ச் ஏழாம் திகதி, கட்டுப்பாடு எதுவும் வருமுன், தம்பி குலேந்திரனின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. மண்டபத்தில் முந்நூறு சனம். பலகாரத் தட்டுடன் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரிடமும் குனிந்து கதைத்தவள் தவமலர். நோய் அவளுக்கு எங்கே தொற்றியது என்று மருத்துவர்களுக்கே தெரியாது. ஆனால் சனம் நாட்களை எண்ணிப் பார்க்கும் என்று நினைத்தேன். பாலேந்திரா குடும்பத்துச் சடங்கிலிருந்துதான் ஊருக்கு நோய் வந்தது என்று ஒருவர் சொன்னால் போதும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதும் அது கூடவே வரும்.

அம்புலன்ஸ் வந்த அன்று நான்கு மணிக்குத் தவமலரின் அழைப்பு வராததால், கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் எடுத்தவர் மரியம்மா. தவமலருக்குத் தொண்டையில் புண், இரண்டு கிழமைக்கு வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒருவரும் எடுக்க வேண்டாம், அடித்தால் அவள் கதைக்காமல் இருக்கமாட்டாள் என்றும் சொன்னேன். குரலைப் பதிவு செய்து அனுப்பட்டுமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். மற்றவர்களுக்கும் அறிவித்துவிடும்படி அவரிடமே கேட்டுக்கொண்டேன். அவர் அறிவித்தார். பதினொரு பேரும் என் சொல்லை மதித்தார்கள்.

ஒடென்சேயில் இருக்கும் சாரங்கிக்கு இது பிடிக்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. இது ஒரு கிருமி, குற்றமில்லை, அம்மாவுக்கு மனிதக் குரல் வேண்டும் என்று டெனிஷில் சொன்னாள்.

“உன்ரை சித்தப்பா குடும்பத்தின்ரை மானமும் இதிலை கிடக்கு. நீ வாய் திறந்தா நான் உனக்கு அப்பன் இல்லை,” என்றேன்.

அவள் வாய் திறக்கவில்லை. அதற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

மருத்துவமனையில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. காலையிலும் மாலையிலும் தவமலர் எனக்கு எடுத்துச் சில நிமிடம் கதைப்பாள். இரண்டாம் நாள், எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேனா என்று கேட்டாள். இல்லை என்று நான் சொன்னால் அவளே எல்லோருக்கும் சொல்லிவிடுவாள்.

“ஓம், சொன்னனான்,” என்றேன்.

நான்காம் நாள் அவளாகவே அந்தக் கதையை எடுத்தாள்.

“ஒருத்தரும் எடுக்கேல்லை.”

“சனம் பயந்துபோய்க் கிடக்கு.”

“ஃபோனாலை தொத்தாதே, இஞ்சருங்கோ.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. பிறகு சொன்னாள்: “நானா எடுத்தா அதுகளுக்குச் சங்கடமாப் போயிடும். மனம் வந்தா அதுகளே எடுக்குங்கள்.”

அவர்களுக்கு அவளாகவே எடுக்கச் சொல்லி நான் தூண்டவில்லை. குணமாகி வந்த பிறகு உண்மையைச் சொல்லலாம், கோபித்துவிட்டு ஆறிவிடுவாள் என்றுதான் இருந்தேன். அவள் குணமாகாமல் போவாள் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை.

ஏழாம் நாள் காலை, குழாய் போட்டு நித்திரையாக்கப் போகிறோம் என்று மருத்துவர் அறிவித்தார். தாதி ஒருவர் காணொளியில் என்னை அழைத்து, திரையை அவளுக்கு முன்னால் பிடித்தார். தவமலரின் தலைமயிரை யாரோ பின்னிவிட்டிருந்தார்கள். முகம் சுருங்கியிருந்தது. மூச்சு வாங்கி வாங்கி, என்னுடைய பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். குளிர்ப் பெட்டியில் இருக்கும் மாவை எறிந்துவிடச் சொன்னாள். பிறகு,

“மரியம்மாவிலை கோவிக்காதேங்கோ. மற்றவையிலையும். பயமெண்டா ஆருக்கும் அப்பிடித்தான்,” என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு நேரம் இருந்தது. ஒரு நிமிடம் போதும். அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் பதினொரு பேரும் ஒன்றாக அடிப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

“ஓம்,” என்றேன்.

தாதி திரையைத் திருப்பிக்கொண்டார். ஐந்து நாள் கழித்துத் தவமலர் போய்விட்டாள். வயது அறுபத்தாறு.

அவளுடைய உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து தந்தார்கள். அதைக் கையளிக்க வாசலுக்கு வந்தவர், திரையைப் பிடித்த அதே தாதிதான். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தவமலர் தினமும் நான்கு மணிக்குக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாராம். யாருடைய அழைப்பையாவது எதிர்பார்த்தாரா என்று கேட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தொலைபேசியில் இருந்தவை என்னுடைய அழைப்புகளும் சாரங்கியின் அழைப்புகளும் மட்டும்.

இறந்த செய்தியையும் நோயின் பெயரையும் சாரங்கி என்னைக் கேட்காமலே எல்லோருக்கும் சொன்னாள். நான் தடுக்கவில்லை. இறுதிக் கிரியை முடிந்து வெளியே வந்தபோது வாகனத் தரிப்பிடம் நிறைந்திருந்தது. உள்ளே வர முடியாதென்று தெரிந்தும் வந்திருந்தார்கள். கார்களுக்குள் இருந்தபடி, பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்பியர்க்கிலிருந்தும் வந்திருந்தார்கள்.

ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். மரியம்மா. கிரின்ஸ்டெட்டிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தார். சொன்ன தூரத்தில், இரண்டு மீற்றர் தள்ளி நின்றார். துணியால் தைத்த முகக்கவசம் முழுவதும் நனைந்திருந்தது.

“அண்ணன், எங்களுக்கு ஏன் சொல்லல்ல?” என்று கேட்டார். “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் ஃபோனக் கீழ வெச்சிருக்க மாட்டேனே.”

என் பின்னால் தம்பி நின்றான். சுற்றிவர ஊர்ச் சனம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கஜதீபனின் காரில் ஏறினேன்.

பூட்டிய கண்ணாடிக்குள் இருந்தவர்களுக்கு அவர் கேட்டது கேட்டிருக்காது. அவர் அழுததையும் நான் முகம் திருப்பியதையும் மட்டும்தான் கண்டார்கள். மிச்சத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்பே ஊரில் ஒரு கதை உலாவியது. நான் அதைக் கேட்டேன், மறுக்கவில்லை. அந்தப் பழி எங்கள் வீட்டின் மேல் விழவில்லை என்பதால் மறுக்கவில்லை. இப்போது கட்டுப்பாடுகள் எல்லாம் போய்விட்டன. கலியாணங்களும் சடங்குகளும் நடக்கின்றன. மரியம்மாவுக்கு அழைப்பு வைப்பவர்கள் இல்லை. அவருக்குத் தொலைபேசி எடுப்பவர்களும் இல்லை என்று சாரங்கி சொல்கிறாள்.

தவமலருக்கு நோய் என்று மரியம்மாவுக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தும் பயந்து அழைக்கவில்லை, மற்றவர்களையும் அழைக்க விடாமல் தடுத்தார் என்பது அந்தக் கதை. அது பொய். மரியம்மாவுக்குத் தெரியாது. அழைக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.