ஒடிந்த மெட்டி

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டைக்குச் செம்புத் தகடு பொருத்துவது என் வேலை. பீங்கானை வளைத்தால் உடையும். செம்பு வளைந்து கொடுக்கும். அதன் அணுக்கள் ஒன்றையொன்று விட்டுவிடாமல் நழுவிக்கொள்ளுமாம். ஆனால் ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அதுவும் இறுகிப்போய் ஒடிந்துவிடும். நான் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் ஆதிநாராயணன் சொன்னது. வெள்ளியும் அப்படித்தான் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"அவரு துபாய்ல இருக்காரு" என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தி இரண்டு வருஷமாகிறது. தெரிந்தால் உச்சுக்கொட்டுவார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு ஆகாது. அதனால் காலையில் மெட்டி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் கதவைச் சாத்தியதும் அதன் வாயை விரித்துக் கழற்றிவிடுவேன். ஆளில்லாத வீட்டில் அது யாருக்காக?

ஒரு நாள் கம்பெனியிலேயே இடது கால் மெட்டி ஒடிந்து விழுந்தது. கூட வேலை செய்யும் பாஞ்சாலை பதறிப்போனாள். புருஷனுக்கு ஆகாதாம். வேலை முடிந்ததும் என்னைப் பத்தரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நடராசன் பத்தர் ஒடிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இத தெனமும் கழட்டி மாட்டுவியா? கால்லயே கெடக்குற மெட்டி தேயும். இப்பிடி ஒடியாது."

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பாஞ்சாலை என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒடிஞ்ச எடத்தப் பத்த வெச்சு, பழுக்கக் காய்ச்சி ஆற வுட்டா பழையபடி எளகிடும்மா. புதுசாட்டம் ஆயிடும்" என்றார் பத்தர்.

வெள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது.

வலது கால் மெட்டியையும் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். "வேணாங்க. ரெண்டையும் உருக்கி, கைவெரலுக்கு ஒரு மோதிரம் பண்ணிடுங்க. வாய் வெக்காம, முழு வளையமா."

"எங்க வூட்டுக்கு வாயேன் செல்வநாயகி, சாப்புட்டுப் போவலாம்" என்றாள் பாஞ்சாலை.

"இன்னொரு நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் நடந்தேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் பழக்க தோஷத்தில் குனிந்தேன். கழற்ற ஒன்றுமில்லை. கால்விரல்களில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. இரண்டு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.