ஓர்வில் ஸ்டாம்பரின் சுற்றுவழி

...போயும் போயும் அந்த விரிப்பையா கொடுத்தோம், இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு ஒன்று அலமாரியில் சும்மாதானே கிடந்தது, என்று லியோனா ஸ்டாம்பர் முன்வரிசை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள். எதிரே பாலத்தின் முகப்பில் புதுப் பெயர்ப்பலகையை அவள் வீட்டுப் படுக்கை விரிப்பு மூடியிருந்தது, ரோஜாப் பூப் போட்டது, ஒரு மூலையில் ஓர்வில் காப்பி கொட்டிய கறை... நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் கறுப்புக் குப்பைப் பையைத்தான் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள், பதக்கம் வாங்கிய வீரனின் பெயரைக் குப்பைப் பைக்குள்ளிருந்தா எடுப்பது என்று விழாக் குழுப் பெண்கள் கொதித்துப்போய் நேற்று அவள் கதவைத் தட்ட, கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிட்டாள். இப்போது செத்துப்போன கணவனின் பெயர், இரண்டு பேரும் படுத்த விரிப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு காற்றில் லேசாக அசைகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்கு எழுப்பினால் அவனும் இப்படித்தான், அசைவான், எழுந்திருக்க மாட்டான்.

மேடையில் சட்டசபை உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார், பாலங்கள் மனிதர்களை இணைக்கின்றன என்றார், ஓர்வில் ஸ்டாம்பரே நம் மத்தியில் நடமாடிய ஒரு பாலம் என்றார், கூட்டம் கைதட்டியது. ஓர்வில் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கியது ஒரு பாலத்தைத் தகர்த்ததற்கு. கொரியாவில், படை பின்வாங்கியபோது, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே திரும்பிப் போய் வெடி வைத்து ஆற்றுப்பாலத்தை இரண்டாக ஒடித்தான், அதைத்தான் குழுத் தலைவி சற்று முன்பு கண்ணீரோடு வாசித்தாள், வாசித்துவிட்டு அதே மூச்சில் பாலத்துக்குப் பெயர் சூட்ட அழைத்தாள், யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஏன் உறுத்த வேண்டும், இந்த மலைப்பக்கத்தில் ஓடைக்கு மேல் நாலு பலகை கிடந்தால்கூட அதற்கு ஒரு சிப்பாயின் பெயர் உண்டு, வீரர்கள் மிச்சம், பாலங்கள்தான் தட்டுப்பாடு, ஓர்விலுக்குக் கிடைத்ததே மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனில் யாரோ யாரிடமோ கெஞ்சியதால். ஆனால் இந்தப் பாலத்தை... இந்தப் பாலத்தை அவன் கடந்ததே இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும், இத்தனை பேரில் அவளுக்கு மட்டும்.

கல்யாணமான புதிதில் அக்கரைக் கடைத்தெருவில் அவளுக்குச் செருப்பு வாங்கக் கிளம்பினார்கள், பழைய பச்சை டிரக், பாலத்து வாய்வரைக்கும் வந்தது, நின்றது, ஓர்வில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தான், பிறகு வண்டியைத் திருப்பினான். மலை ஏறி, மரம் அறுக்கும் மில்லைத் தாண்டி, ஆறு ஓடையாய்ச் சுருங்கிச் சாலைக்கடியில் ஒரு குழாய்க்குள் அடங்கிப்போகும் மேட்டுக்குப் போய் மறுகரையில் இறங்கினார்கள், கடை சாத்தியிருந்தது. காரணம் கேட்கவில்லை அவள். பல மாதம் கழித்து, தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே சொன்னான், "வெடிச்சப்ப அந்தக் கரையில ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க லியோனா. மூட்டை முடிச்சோட." அவ்வளவுதான், அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள், அன்றிலிருந்து அவளும் அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை, அவனால் முடியாததைத் தான் மட்டும் செய்வது எப்படி. பல் வைத்தியத்துக்கும் சுற்றுவழி, தங்கை பிரசவத்துக்கும் சுற்றுவழி, அக்கரையில் சனிக்கிழமை நடன விளக்குகள் தண்ணீரில் ஆடும், அவள் இக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பாள்... ஒரே ஒரு தடவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து நேராக அந்த விளக்குகளுக்குள் போக முடிந்தால்.

இப்போது பலகை திறந்ததும் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் குடும்பத்து வண்டிதான் முதலில் பாலத்தைக் கடக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம், குழுவிடம் தலையாட்டியும் விட்டாள். அவன் பெயரை மிதித்துக்கொண்டு அவன் இல்லாமல் கடப்பதா, வேண்டாம் என்று இப்போதே எழுந்து சொல்லிவிடலாமா, சொன்னால் ஏன் என்பார்கள், ஏன் என்று சொன்னால் வீரனுக்குப் பாலத்தைக் கண்டால் பயம் என்று ஆகிவிடுமே...

"என்ன லியோனா, முகம் இப்படி வெளுத்துக்கெடக்கு? பெப்பரோனி ரோல் தரட்டுமா?" பக்கத்து நாற்காலியில் டெல்பர்ட், ஓர்விலின் பால்ய சிநேகிதன், வாயில் பாதி ரோல், மடியில் பாதி ரோல். "ஓர்வில் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான் போ. வாரா வாரம் நின்னு எச்சி துப்புன பாலத்துக்கு அவன் பேராம்!"

"யாரு துப்புனது?"

"அவந்தான். வியாழக்கிழமை ஆனா போதும், ரெண்டு பேரும் நடந்தே அக்கரைக்கு, முடிவெட்டுற கடையில வெட்டிப்பேச்சு. தலையில ஒண்ணுமே இல்லாத காலத்துலகூட வந்தானே மகராசன்! நடுப்பாலத்துல நின்னு துப்புவோம், யாரோடது மொதல்ல தண்ணியத் தொடுதுன்னு பந்தயம். உன்கிட்டச் சொல்லலியா?"

வியாழக்கிழமை. அவளுக்குச் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. திரும்பி வரும்போது ஓர்வில் நாளிதழுக்குப் பின்னால் இருப்பான், உப்பு என்பான், சரி என்பான், வீட்டில் அதுவே அவனுக்குச் சொற்பொழிவு... நடந்தே போயிருக்கிறான், நடுவில் நின்றிருக்கிறான், துப்பியிருக்கிறான், கேடுகெட்ட மனுஷன், ஆயுசு முழுக்க என்னை மலையைச் சுற்றவைத்துவிட்டு! பலகைக்குப் போய் விரிப்போடு சேர்த்து உலுக்க வேண்டும்போல இருந்தது. துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன, ஊர் நாய்கள் மரியாதையில் கலந்துகொண்டன, யாரோ கயிற்றை இழுக்க ரோஜாப் பூக்கள் சரிந்து விழுந்தன, ஓர்வில் டி. ஸ்டாம்பர் நினைவுப் பாலம், பச்சையில் வெள்ளை எழுத்து, வெயிலில் கண் கூசியது.

"ஏறுங்க அத்தை, எல்லாரும் நமக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க," என்று அண்ணன் மகன் கர்ட்டிஸ் கதவைத் திறந்து பிடித்தான், யாரோ விரிப்பை மடித்து அவள் மடியில் வைத்தார்கள், வண்டி நகர்ந்தது, சக்கரத்துக்கடியில் இரும்பு முனகியது. வீட்டில் பேசாதவன் அந்தச் சுற்றுவழியில் பேசிக்கொண்டே வருவான், மர மில் தாண்டியதும் ஆரம்பிப்பான், அவன் அம்மா கோழி திருடியது, நரி ஏன் நேராக நடக்காது, நீ சிரிக்கும்போது உன் மூக்கு என்னவோ ஆகிறது லியோனா... குழாய் மேட்டுக்கு வந்ததும் வண்டி மெதுவாகும், இப்போதுதான் நினைவு வருகிறது, மெதுவாகும். அந்தப் பேச்சுக்காகத்தான் சுற்றினானா? இல்லை... ஒருவேளை... தனியாக அவனால் நடக்க முடிந்தது, நின்று துப்பவும் முடிந்தது, பக்கத்து இருக்கையில் நான், மடியில் கைப்பையும் மூட்டையுமாக நான், என்னை வைத்துக்கொண்டுதான் ஒரு பாலத்தில் ஏற அவனால்...

"அவ்ளோதான் அத்தை, வந்துட்டோம்." அதற்குள்ளாகவா. இதில் எவ்வளவு பேசியிருக்க முடியும், உப்பு என்று சொல்லலாம், சரி என்று சொல்லலாம். மடியில் இருந்த விரிப்பில் காப்பிக் கறையை விரலால் தடவினாள். "வீட்டுக்கு எந்த வழி போற?"

"இதே பாலந்தான், வேற எது?"

"உனக்கு அவசரமா?" என்றாள் லியோனா.