பெல்லிங் மறந்த ஒரு வரி

வடகடலின் சாம்பல்நிற அலைகள் ஓய்வறியாத நெசவாளியின் கைபோல வந்தும் போயும் கரையெங்கும் நுரையை விரித்துக்கொண்டிருக்க, கடற்காகங்கள் மீன்கூடைகளின்மேல் வட்டமிட்டு வழக்காட, கூதிர்க்காலத்து மெலிந்த வெயில் ஸ்கார்பரோ நகரத்துக் குன்றினின்றும் தள்ளாடித் தள்ளாடி இறங்கிவந்த ஒரு புதன்கிழமைப் பிற்பகலில், கடலை நோக்கி நின்ற பழைய நாடக அரங்கின் பின்வாயிலை அடைந்தார் ஆம்புரோஸ் பெல்லிங் என்னும் அறுபத்தெட்டு அகவை நடிகர்.

அங்கே அவர் வரவுக்காகவே குளிரில் நின்றிருந்தனர் இரு மூதாட்டியர்.

“இன்ஸ்பெக்டர்! எங்க பூனையை மூணு நாளாக் காணோம். கொஞ்சம் கண்டுபிடிச்சுக் குடுங்களேன்!”

“மீன்கடைக்காரன் வீட்டுல பார்த்தீங்களாம்மா?”

“அவன்மேலதான் எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்!”

நகைத்தபடி அவர்கள் நீட்டிய ஏடுகளில் கையெழுத்திட்டார். பதினான்கு ஆண்டுகள் ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் துப்பறியும் அதிகாரியாய்த் தோன்றியவரை இந்நாட்டார் வேறெப்பெயரால் அழைப்பர்? ஆயினும், நயமறிந்த நண்பரே, அவர்தம் உண்மையான பெருமை அந்தச் சிறுபெட்டிக்குள் விளைந்ததன்று. கிரிம்ஸ்பித் துறைமுகத்து மீன்பிடிப்பவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, வாரமொரு நாடகம் ஆடும் சிறு குழுவொன்றில் பதினோராண்டு உழைத்து, இன்றைய நாடகத்தை நடித்துக்கொண்டே அடுத்த வாரத்துக்குரியதை நெட்டுருச் செய்து, முந்நூற்றுக்கு மேற்பட்ட வேடங்களை ஒரு சொல்லும் சிந்தாமல் நெஞ்சில் சுமந்தவர் அவர். பேச்சினிடையே அவர் திடீரெனக் காக்கும் அமைதியோ, பேச்சினும் பெரிதாய் நாடெங்கும் புகழ்பெற்றிருந்தது.

அன்றைய நாடகத்தில் அவர் முதிய கப்பல் தலைவர். வீட்டைவிட்டு ஓடிப்போன மகள் ஆண்டு பல கழித்துத் திரும்பி வாயிலில் நிற்கிறாள். தந்தை நெடிது நோக்கிப் பின்னர், “கதவைச் சாத்து மகளே, குளிர் உள்ளே வருகிறது” என்பார். மன்னிப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கும், திரை விழும்.

மகள் வந்தாள். அவர் நோக்கினார். மடிமேல் வைத்த தேநீர்த் தட்டுகளை மறந்து அவையோர் மூச்சடக்கினர். ஐந்து நொடியில் வரவேண்டிய வரி பத்தாகியும் வரவில்லை, இருபதாகியும் வரவில்லை. விளக்கணைந்த வீட்டில் பழகிய கதவைத் தடவுவான்போல் தம் நெஞ்சைத் துழாவினார் பெல்லிங். அங்கே சுவர் மட்டுமே இருந்தது. மேடையின் இடப்புற மூலையில், நாடக ஏட்டை விரித்து, மறந்தவர்க்குச் சொல்லெடுத்துக் கொடுக்கும் பணியில் அமர்ந்திருந்த வினிஃபிரெட் டக்கெட், அவ்வரிமேல் விரலை ஊன்றியபடி வாய்திறவாதிருந்தாள். இறுதியில், செய்வதறியாத இளநடிகை உண்மைக் கண்ணீர் வழியத் தானே சென்று கதவைச் சாத்தினாள். திரை விழுந்தது. அரங்கம் எழுந்துநின்று அழுதது, இடிபோல் கைதட்டியது.

இயக்குநர் கிரிஸ்பின் பாய்ந்து வந்தார். “ஆம்புரோஸ், கண்ணே! மனுஷனா நீங்க? அழுது அழுது மூக்கே ஒழுகிப்போச்சு எனக்கு! வின்னி, அந்த மௌனம் எத்தனை நொடி?”

“நாற்பத்தொண்ணு” என்றாள் வினிஃபிரெட்.

“புத்தகத்துல ஏத்து. நாளையிலேர்ந்து தினம் இதேதான்!”

அவர் போனபின் வின்னியருகே வந்து நின்றார் பெல்லிங்.

“அது மௌனம் இல்ல, வின்னி. வரி வரல.”

“தெரியும், மிஸ்டர் பெல்லிங்.”

“தெரிஞ்சும் ஏன் குடுக்கல?”

“நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. மேவிஸ் கதை ஞாபகம் வந்துச்சு, முழுங்கிட்டேன்.”

மேவிஸ்! இருபதாண்டுக்கு முன் வேறோர் ஊரில், அவருடைய அமைதியை மறதியெனப் பிழையாய் எண்ணிச் சொல்லெடுத்துக் கொடுத்த பெண். திரை விழுந்ததும் அனைவர் முன்னும் அவள்மேல் அவர் சீறியதும், அவ்வாரமே அவள் வேலை இழந்ததும், அதைத் தடுக்க அவர் ஒரு சொல்லும் உரையாததும் அரங்கிலிருந்து அரங்குக்குப் பரவி, பெல்லிங்கின் அமைதியில் கைவைக்கலாகாது என்பது மூலையில் அமர்வோர்க்கெல்லாம் எழுதாச் சட்டமாயிற்று.

“இனிமே தயங்கினா குடுத்துடறேன். திட்டினா திட்டுங்க” என்றாள் வின்னி.

“எது தயக்கம், எது நடிப்புன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்பே? எனக்கே தெரியலயே. நாளைக்கு நடுக்காட்சியில நான் நின்னுபோனா யார் தலை உருளும்? உன் தலைதான். இன்னிக்கு அறிக்கையில என்ன எழுதினே?”

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நிகழ்ந்தவற்றை எழுதி நாடகக் குழுவின் இலண்டன் அலுவலகத்துக்கு அனுப்புதல் அவள் கடமை. தாளைக் காட்டினாள்: ‘இறுதி அமைதி நீண்டது. அவை அழுதது.’

“அடிச்சுட்டு உள்ளதை எழுதும்மா.”

“எழுதினா நாளைக்கு உங்க வேஷத்துக்கு வெச்சிருக்கிற மாற்றாளைத்தானே கூப்பிடுவாங்க!”

“அவன் நாலு வாரமா என் கால் சுளுக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கான், பாவம். அவனுக்காவது நல்லநாள் வரட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: ‘திரு. பெல்லிங் இறுதி வரியை மறந்தார். மூலையில் இருந்தவர்மீது பிழை எதுவும் இல்லை.’

இரண்டாம் வரியை எழுதி முடித்ததும், “ஒருதடவை சத்தமாப் படி” என்றார். படித்தாள். கேட்டுத் தலையசைத்து, முகப்பூச்சைக் கழுவச் சென்றார்.

மறுநாள் முற்பகல், அரங்கின் வாயிற்பலகையில் புதுப்பெயர் ஒட்டப்படும் வேளையில், அவரைச் சுமந்த தொடர்வண்டி கடலைப் பின்னிட்டு வயல்களூடே ஊர்ந்தது. எதிரிருந்த மாது, “இன்ஸ்பெக்டர்தானே நீங்க?” என்று வினவ, ஆமென முறுவலித்தார். மேவிஸ் எவ்வூரில் எவ்வாழ்வு வாழ்ந்தாளோ, யாரறிவார்? இருபதாண்டு பிந்திப் பிறந்த ‘பிழை எதுவும் இல்லை’ என்னும் அந்த வரி அவள் செவியை எட்டவேயில்லை. ஒருவர்க்கு இழைத்த தீங்கை மற்றொருவரிடத்தன்றித் தீர்க்க இயலாதவாறு காலம் நம்மை நடத்திச் செல்கிறது; தீர்த்தபின்னும் முதற்கடன் அப்படியே நிற்கிறது.