இரண்டாவது ஊசி

அப்பாவின் கால்களைப் பிடித்து ஐஸ் பெட்டிக்குள் இறக்கும்போதுதான் ஆல்வினின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கண்ணாடியை மூடி, ஒயரைச் சொருகிவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய் எடுத்துப் பார்த்தான். லேபிலிருந்து ரிப்போர்ட்.

நான்கு பக்கம். முதல் பக்கமே போதுமாயிருந்தது. டாக்டர் தேடச் சொன்ன ஜீன் மாற்றம் இருக்கிறது. அதற்கு மாத்திரையும் இருக்கிறது. தினம் ஒன்று, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

நாவலூரில் பதினாறு வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்த அப்பா தேவசகாயம் பீடியைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர்களின் நுரையீரல் புற்றுக்கட்டியில் இந்த மாற்றம் அடிக்கடி இருக்கும் என்று டாக்டர் பிப்ரவரியிலேயே சொன்னார். முதல் ஊசியில் எடுத்த சதை பரிசோதனைக்குப் போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்றார். அம்மாதான் மறுத்தாள். முதல் ஊசிக்கே அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் அவருக்காக உபவாசம் இருந்தாள். அது முடிகிறவரை அவர் உடம்பில் ஊசி இறங்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். ஈஸ்டருக்கு அப்புறம் போட்ட ஊசியின் முடிவுதான் இது. ஆல்வினும் அன்று சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

உள்ளே அம்மா காசியம்மாள் முந்தானையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க நீர் பூத்தது.

"இன்னாடா, லேபா?"

"ஆமாம்மா."

"இன்னா வந்துகீது?"

இப்போது சொன்னால் இவள் இனி எழுந்திருக்க மாட்டாள்.

"அப்பாவுக்கு மாத்திர கேக்காத ரகமாம். எப்ப ஊசி போட்டிருந்தாலும் இதான்."

காசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். விடியற்காலையிலிருந்து விறைத்திருந்த தோள்கள் இறங்கின. பக்கத்தில் அவள் தம்பி அப்பாசாமி துண்டால் வாயைப் பொத்தி இருமினான். அவனுக்கும் எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்து, திங்கட்கிழமை செங்கல்பட்டில் ஊசி போட்டுச் சதை எடுக்க நாள் குறித்திருந்தார்கள்.

"கேட்டியாடா அப்பாசாமி? ஒங்க மாமாவக் குத்திக் குத்தி இன்னாத்தக் கண்டாங்க? நீ போவாத. ஜெபம் பண்ணிக்கலாம்."

"நானும் அதான்க்கா நெனச்சிகினு கீறேன்." அப்பாசாமியின் முகம் தெளிந்துவிட்டது.

ஆல்வின் அப்பாவைப் பார்த்தான்.

"மாமா, திங்கக்கெழம நானே வந்து கூட்டிகினு போறேன். நீ ஊசி போட்டுக்கணும். சதை பத்தலன்னா ரெண்டாவதும் போட்டுக்கணும். நாள் கடத்தக் கூடாது."

"இன்னாடா, இப்பதானே நீ..."

"போட்டுக்கணும் மாமா."

காசியம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். முந்தானை பிடித்த கை கண்ணாடி மேல் அப்படியே நின்றது.

துடைக்க ஆளில்லாமல் நீர் பூத்துப் பூத்து, கொஞ்ச நேரத்தில் தேவசகாயத்தின் முகம் தெரியாமல் போயிற்று.